முதல் அரை மணி நேரத்தில் ஆல் இன்: போக்கர் டோர்னமென்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆறு மணிக்கு மேல் வெளியே யாருக்கும் வேலை கிடையாது. மேட்டுப்பாளையம் ரோட்டில் எங்காவது மண் சரிந்திருக்கும், மலை ரயிலை ரத்து செய்திருப்பார்கள், கரன்ட் வருவதும் போவதுமாக இருக்கும். எங்கள் போக்கர் மேசை கூடுவது இந்த மாதிரி மாலைகளில்தான். காசு வைத்து ஆடுவதில்லை. ஒன்பது பேர், ஆளுக்கு 10,000 பாயின்ட் சிப், ஜெயிக்கிற மூன்று பேருக்கு வர்க்கி பாக்கெட். முதலில் வெளியேறுகிறவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும் என்பது சட்டம்.

அந்த டீ பெரும்பாலும் புதிதாக வந்தவர் கையால்தான் கிடைக்கும். முதல் அரை மணி நேரத்துக்குள் இருக்கிற சிப்பையெல்லாம் நடுவில் தள்ளி “ஆல் இன்” என்று சொல்லியிருப்பார். நானும் அந்த வகையில் நிறைய டீ போட்டவன்தான். அதனால்தானோ என்னவோ, பார்க்கும்போது கை பரபரக்கிறது.

ஃப்ளஷ் பெரிதா ஸ்ட்ரெய்ட் பெரிதா, யார் முதலில் பேச வேண்டும் என்பதெல்லாம் இரண்டு வாரம் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பிளைண்டை மறந்துவிட்டு சிப்பை மட்டும் எண்ணுவது

“என்கிட்ட பத்தாயிரம் இருக்கு” என்பதற்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. ஒவ்வொரு கையிலும் சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக நடுவில் வைக்கும் சிப்தான் பிளைண்ட்; சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். பிளைண்ட் 50/100 ஆக இருக்கும்போது அது 100 பிக் பிளைண்ட். நிதானமாக ஆடலாம், தப்பு செய்யலாம், திருத்திக்கொள்ளலாம். பிளைண்ட் 400/800 ஆனதும் அதே பத்தாயிரம் பன்னிரண்டரை பிக் பிளைண்ட்தான். அப்போது சாதாரண ரெய்ஸுக்கே (பந்தயத்தை ஏற்றுவதற்கே) கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஒன்று ஃபோல்ட் (சீட்டைப் போட்டு விலகுவது), இல்லையென்றால் ஆல் இன். நடுவில் வழி குறைவு.

எங்கள் மேசையில் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை பிளைண்ட் ஏறும். ஒருநாள் கோத்தகிரியிலிருந்து வர வேண்டிய ஒருவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். வழியில் காட்டுமாடு கூட்டமாக நின்றுவிட்டதாம். அவர் உட்காரும்போது பிளைண்ட் 400/800. மப்ளரைக் கழற்றினார், சீட்டைப் பார்த்தார், ஆல் இன் போட்டார். எல்லோரும் ஃபோல்ட். சரியான ஆட்டம். ஆனால் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த புதுப் பையன் மனதில் பதிந்தது வேறு: “வந்த உடனே போட்டாரு, ஜெயிச்சாரு.” அடுத்த வாரம் அவன் பிளைண்ட் 50/100 ஆக இருக்கும்போது வந்த உடனே போட்டான்.

நம்ம ஊர் ரயிலுக்குப் பல்சக்கரம் தேவைப்படுவது கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கிய பிறகுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை அது சாதாரணத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. ஆல் இன்னும் அப்படித்தான். பிளைண்ட் ஏறி மூச்சு முட்டும்போது எடுக்க வேண்டிய கருவி அது.

டிவியில் பார்த்ததை மேசைக்குக் கொண்டுவருவது

இதில் புதியவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் ஆன்லைன் தகுதிப் போட்டி மூலம் உள்ளே வந்து, 2003இல் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் மெயின் ஈவென்ட்டை ஜெயித்தார். 839 பேர் ஆடிய போட்டி, முதல் பரிசு 25 லட்சம் டாலர். ஆடுகிறவர் கையில் இருக்கும் சீட்டைக் கேமராவில் காட்டிய ஒளிபரப்பும் அதுவும் சேர்ந்து உலகம் முழுக்க ஆசையைக் கிளப்பிவிட்டன.

ஆனால் திரையில் வருவது எது? மணிக்கணக்காக ஃபோல்ட் செய்ததை எல்லாம் வெட்டிவிட்டு, ஆல் இன் வந்த கைகளை மட்டும் ஒட்டிக் காட்டுகிறார்கள். அதிலும் பாதி கடைசி மேசை, பிளைண்ட் உச்சத்தில் இருக்கும் நேரம். அதே மெயின் ஈவென்ட்டில் இப்போது தொடக்கத்தில் 60,000 சிப், பிளைண்ட் 100/200. அதாவது 300 பிக் பிளைண்ட். ஒவ்வொரு லெவலும், அதாவது பிளைண்ட் ஏறும் இடைவெளி, இரண்டு மணி நேரம். முதல் நாள் முழுக்க அங்கே பெரும்பாலானோர் செய்வது சின்னச் சின்ன ரெய்ஸும் ஃபோல்டும்தான். அதை யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள் என்பதால் காட்டுவதில்லை.

ஏஸ்-கிங் வந்ததும் மொத்தத்தையும் தள்ளுவது

இதுதான். இவ்வளவு நாள் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி எங்களோடு சேர்ந்தான். கெட்டிக்காரன், மனக்கணக்கு வேகமாக வரும். மூன்றாவது கையிலேயே அவனுக்கு வந்த இரண்டு சீட்டு ஏஸ்-கிங். முதலில் பேச வேண்டிய இடம் அவனுடையது, பின்னால் எட்டு பேர் பாக்கி. பிளைண்ட் 50/100, நடுவில் கிடந்தது மொத்தம் 150. அவன் 10,000ஐயும் தள்ளினான். வரிசையாக எல்லோரும் ஃபோல்ட். கடைசியாக பிக் பிளைண்டில் இருந்தவர், அருவங்காட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “சரிப்பா, பாத்துடலாம்” என்றார். அவரிடம் கிங் ஜோடி. நடுவில் திறந்த ஐந்து பொதுச் சீட்டில் ஏஸ் விழவில்லை. தம்பி அடுப்படிக்குப் போனான்.

“என்ன அண்ணா பண்றது, ஏஸ்-கிங் வந்தா போடாம இருக்க முடியுமா? என் நேரம்” என்று பாலைக் காய்ச்சிக்கொண்டே சொன்னான்.

நேரம் இல்லை தம்பி, கணக்கு.

பத்தாயிரத்தைத் தள்ளினால் யார் கால் செய்வார், அதாவது அதே அளவு வைத்து எதிரே வருவார்? ஏஸ்-டென் வைத்திருப்பவர் ஃபோல்ட் செய்துவிடுவார். கிங்-குயின் ஃபோல்ட். எட்டு ஜோடி (இரண்டு எட்டு) ஃபோல்ட். நம்மிடம் தோற்க வேண்டிய கைகளை எல்லாம் நாமே விரட்டிவிட்டோம். உள்ளே வருவது ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, அவ்வளவுதான். ஏஸ் ஜோடிக்கு எதிரே ஏஸ்-கிங் ஜெயிக்க 7 சதவீதம் போல வாய்ப்பு. கிங் ஜோடிக்கு எதிரே 30. குயின் ஜோடிக்கு எதிரே 43. மூன்றையும் அவை வரும் விகிதப்படி சேர்த்தால் 31 சதவீதத்துக்குள் நிற்கிறது.

சரி, பின்னால் இருக்கும் எட்டு பேரில் ஒருவரிடமாவது இந்த மூன்று ஜோடியில் ஒன்று இருக்க வாய்ப்பு என்ன? ஏழரை சதவீதத்தை ஒட்டி. இப்போது இதே வேலையை 100 தடவை செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 92 தடவை எல்லோரும் ஃபோல்ட், ஒவ்வொரு தடவையும் 150 கிடைக்கும், மொத்தம் 13,800. மீதி எட்டு தடவை கால் விழும். அதில் ஜெயித்ததையும் தோற்றதையும் கழித்துப் பார்த்தால் ஒரு தடவைக்குச் சராசரியாக 3,800 நஷ்டம், மொத்தம் 30,000க்கு மேல். சீட்டுக்கட்டில் நமக்கு வரக்கூடிய மிக நல்ல கைகளில் ஒன்றை வாங்கி, அதை நஷ்டத்தில் விற்றிருக்கிறோம்.

அந்தத் தம்பி தோற்றதில்கூட எனக்கு எரிச்சல் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஏஸ்-கிங், மறுபடியும் ஆல் இன். இந்த முறை எல்லோரும் ஃபோல்ட். 150 பாயின்ட்டை இழுத்துக்கொண்டு, சீட்டைத் திறந்து காட்டி, என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். இந்தத் தவறு பழகிப்போவதற்குக் காரணம் அந்தச் சிரிப்புதான். நூற்றில் தொண்ணூற்றிரண்டு தடவை தப்புக்குப் பரிசு கிடைக்கிறது. கிடைக்காத எட்டு தடவையை “நேரம் சரியில்லை” என்று சொல்லித் தள்ளிவிடலாம். எந்த ஆசான் வந்து சொன்னாலும் காதில் ஏறாது.

அவன் என்ன செய்திருக்க வேண்டும்? 300 ரெய்ஸ். ஏஸ்-டென்னும் கிங்-குயினும் எட்டு ஜோடியும் “முந்நூறுதானே” என்று உள்ளே வருவார்கள். அவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள். மூன்றில் ஒரு ஃப்ளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டில்) ஏஸோ கிங்கோ விழும். ஏஸ் விழுந்தால் ஏஸ்-டென்காரர் நம்மை விடாமல் துரத்தி வருவார், கிங் விழுந்தால் கிங்-குயின்காரர். விழவில்லையா, இன்னொரு சின்ன பெட் போட்டுப் பார்க்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். யாராவது பதிலுக்கு 900, அவருக்கு மேலே இன்னொருவர் 2,500 என்று ஏற்றினால் யாரிடம் என்ன இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். அந்தத் தகவலுக்கு விலை 300. அவன் கொடுத்தது பத்தாயிரம்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். “ஃப்ளாப் வந்தா குழப்பம் அண்ணா” என்பதுதான் அதிகம் வந்த பதில். ஃப்ளாப்பில் ஒரு முடிவு, நான்காவது சீட்டான டர்னில் ஒரு முடிவு, ஐந்தாவதான ரிவரில் ஒரு முடிவு. இந்த மூன்றுக்கும் பயந்து எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே முடிவாக முடித்துவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது துணிச்சல் மாதிரி தெரியும். பத்து ஜோடி, ஜாக் ஜோடி வைத்துக்கொண்டு தள்ளுகிறவர்களும் இதே பயத்தில்தான் தள்ளுகிறார்கள்: “மேல ஏஸ் வந்துட்டா என்ன பண்றது?” ஏஸ் வந்தால் ஃபோல்ட் செய்யலாம் ஐயா. அதற்குத்தானே மீதி 9,700ஐக் கையில் வைத்திருப்பது.

இன்னொரு காரணம் எங்கள் மலைக்கே உரியது. கடைசி பஸ். வெளியூர்க்காரர்கள் ஏழரை மணிக்கு மேல் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். ஆல் இன்னில் சிப் டபுள் ஆனால் இருந்து ஆடுவது, தோற்றால் பஸ்ஸைப் பிடிப்பது. ராத்திரியில் கோத்தகிரி ரோட்டில் கரடி நடமாடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனவே இவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நேரத்துக்கு விலை வைத்து ஆடுகிறார்கள், அது ஒரு நியாயமான கணக்கு. பஸ்ஸுக்கே போகாமல், பக்கத்துத் தெருவில் குடியிருந்துகொண்டு இதைச் செய்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் ஏஸ் ஜோடி. 221 கைக்கு ஒரு தடவை வருவது. அதையும் ஆல் இன் போட்டு 150 வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுகிறவர்களுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முதல் மணி நேரத்தில் ஆல் இன்னே வரக்கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பாட் (நடுவில் சேரும் சிப்) படிப்படியாகப் பெருத்து, இரண்டு பேரிடமும் மிகப் பெரிய கை இருந்தால் அது தானாக வரும். 2017 மெயின் ஈவென்ட்டின் முதல் மணி நேரத்திலேயே பிரபல ஆட்டக்காரர் வனேசா செல்ப்ஸ்ட் வெளியேறினார். அவரிடம் ஏஸ் ஜோடி. ஃப்ளாப்பில் ஒரு ஏஸும் ஒரு ஏழும் விழுந்தன, டர்னில் இன்னொரு ஏழு. செல்ப்ஸ்டுக்கு ஏஸ் ஃபுல் ஹவுஸ் (மூன்று ஏஸ், இரண்டு ஏழு), எதிரே கேல் பாமனிடம் அதையும் வெல்லும் நான்கு ஏழு. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அங்கே கடைசி சிப் உள்ளே போகும்போது நடுவில் ஏற்கெனவே பெரிய பாட் இருந்தது. வெறும் 150 இல்லை.

“சீக்கிரம் டபுள் ஆகிட்டா நிம்மதி”

சிப் இரண்டு மடங்கானால் நம் நிலைமையும் இரண்டு மடங்காகிவிடும் என்று நினைக்கிறோம். டோர்னமென்ட்டில் அப்படி ஆவதில்லை.

மூன்றே பேர் மீதி இருக்கிறார்கள், ஆளுக்கு 10,000. பரிசு 5, 3, 2 வர்க்கி பாக்கெட். எல்லோரும் சமம் என்பதால் ஒவ்வொருவர் பங்கும் மூன்றே கால் பாக்கெட்டுக்குக் கொஞ்சம் மேலே, 3.33. இருவர் ஆல் இன் மோதி ஒருவர் 20,000 ஆகிறார். அவர் முதலாவதாக வர மூன்றில் இரண்டு வாய்ப்பு, இரண்டாவதாக வர மூன்றில் ஒன்று. கணக்குப் போட்டால் 4.33 பாக்கெட். தோற்றவருக்கு 2. ஆக ஜெயித்தால் கூடுவது 1, தோற்றால் குறைவது 1.33. பாதிக்குப் பாதி வாய்ப்பில் மோதினாலே நஷ்டம். குறைந்தது 57 சதவீதமாவது வேண்டும். மோதாமல் ஓரமாக உட்கார்ந்திருந்த மூன்றாவது ஆளுக்குச் சும்மாவே லாபம்.

முதல் லெவலில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்காது, உண்மைதான். ஆனால் அங்கே வேறு நஷ்டம் இருக்கிறது. மேசையில் நம்மைவிட மோசமாக ஆடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்கள் சிப் மெல்ல மெல்ல நம் பக்கம் வர வேண்டிய மூன்று மணி நேரத்தை நாம் அடுப்படியில் கழிக்கிறோம்.

எதிரே ஒருவர் தள்ளியதும் ரோஷத்தில் கால் செய்வது

“சும்மா பயமுறுத்துறான்” என்று ஏழு ஜோடியை வைத்துக் கால். கிங்-ஜாக்கை வைத்துக் கால். ரம்மியில் கை சரியில்லை என்றால் இருபது பாயின்ட்டோடு முதல் டிராப் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காரும் அதே மனிதர்கள்தான் இவர்கள். போக்கரில் 300 போட்டுவிட்டால் எழுந்து வர மனம் வராது.

குயின் ஜோடி, எதிரே ஏஸ்-கிங் என்றால் நமக்கு 57 சதவீதம். நல்ல எண்ணாகத் தெரிகிறது. அப்படி மூன்று மோதலில் தொடர்ந்து தப்ப 19 சதவீதம்கூட இல்லை. ஒவ்வொரு தடவையும் 80 சதவீத வாய்ப்போடு போனாலும் ஐந்து தடவை தாண்டி உயிரோடு இருப்பது மூன்றில் ஒருவர்தான். முதல் லெவலில், 100 பிக் பிளைண்ட் ஆல் இன்னை நான் கால் செய்வது ஏஸ் ஜோடிக்கும் கிங் ஜோடிக்கும். குயின் ஜோடிக்கு, எதிரே இருப்பது யார் என்று பார்த்து. அந்தத் தொழிற்சாலைத் தம்பி என்றால் செய்வேன்.

ரீபை மேசைப் பழக்கத்தோடு வருவது

தோற்றால் மறுபடியும் சிப் வாங்கி உட்காரலாம் என்ற போட்டிகள் உண்டு. அங்கே முதல் மணி நேரம் கண்டபடி தள்ளுவார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது: பெரிய ஸ்டாக் (சிப் குவியல்) சேர்ந்தால் லாபம், போனால் இன்னொரு டிக்கெட். ஒரு ஆளை வெளியேற்றினால் தனிப் பரிசு என்ற பவுன்ட்டி போட்டிகளிலும் இப்படித்தான். இலவசப் போட்டிகளில் கேட்கவே வேண்டாம். நுழைய ஒன்றும் கொடுக்கவில்லை, எனவே முதல் கையிலேயே பாதிப் பேர் மேசையைக் கவிழ்ப்பார்கள். டர்போ போட்டிகளில் பிளைண்ட் சில நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறும், உட்கார்ந்து யோசிக்க நேரமே இல்லை. பில் ஹெல்முத் மாதிரி வேண்டுமென்றே தாமதமாக வந்து உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள். 1989இல் மெயின் ஈவென்ட் ஜெயித்தவர், அவருக்கு அது கட்டுப்படியாகும்.

ஒரு டிக்கெட்தான், தோற்றால் வெளியே என்ற போட்டியில் இதில் எதுவும் பொருந்தாது. உட்காரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ரீபை உண்டா, தொடக்கத்தில் எத்தனை பிக் பிளைண்ட், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறும்.

பெரிய கை தோற்றதும் அடுத்த கையிலேயே தள்ளுவது

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். குன்னூர்த் தண்ணீர் போதும்.

ஃபோல்ட் செய்த சீட்டைக் காட்டுவது

வேண்டாம்.

காசு

2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டப்படி காசு கட்டி ஆன்லைனில் ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை. வீட்டு மேசையிலும் எங்களுக்கு அந்தப் பேச்சே கிடையாது. வர்க்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, பரிசின் மதிப்பு அதனால் ஏறியிருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

போட வேண்டிய நேரத்தில் போடாமல் இருப்பது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு மறுகோடிக்குப் போகிறவர்களும் உண்டு. கிங் ஜோடியால் தம்பியை அடுப்படிக்கு அனுப்பிய அதே பெரியவர், பத்து பிக் பிளைண்டுக்கு இறங்கியதும் கல் மாதிரி உட்கார்ந்துவிடுவார். “நல்ல கை வரட்டும்.” அவர் மனதில் இருப்பது ஏஸ் ஜோடி.

ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு ஸ்மால் பிளைண்டும் பிக் பிளைண்டும் சேர்த்து ஒன்றரை பிக் பிளைண்ட் போகும். பத்து இருந்தால் ஆறேழு சுற்று, அதாவது அறுபது கை. அறுபது கையில் ஒரு தடவையாவது ஏஸ் ஜோடி வர வாய்ப்பு நான்கில் ஒன்றுகூட இல்லை. இதற்கிடையில் பிளைண்ட் இன்னும் ஏறும், அப்போது அறுபது கைகூட மிஞ்சாது.

இந்த நிலையில் கணக்கு தலைகீழாக மாறிவிடுகிறது. நடுவில் கிடக்கும் ஒன்றரை பிக் பிளைண்ட் இப்போது நம் ஸ்டாக்கில் 15 சதவீதம், அதை மோதாமலே எடுத்தாலே பெரிய லாபம். கால் செய்கிறவர்களும் ஏஸ்-ஒன்பது, ஆறு ஜோடி என்று தளர்வாக வருவார்கள், அவர்களுக்கு எதிரே நல்ல கைக்கு வேலை இருக்கிறது. பட்டனில், அதாவது பிளைண்ட் போட்ட இருவருக்கு முன்னால் பேசும் டீலர் இடத்தில், உட்கார்ந்திருக்கிறீர்கள், முன்னால் எல்லோரும் ஃபோல்ட், கையில் ஏதாவது ஒரு ஜோடியோ ஏதாவது ஒரு ஏஸோ இருக்கிறது என்றால் தள்ளிவிடலாம். முதலில் பேசும் இடத்தில் என்றால் இன்னும் இறுக்கமாக: பெரிய ஏஸ், நடுத்தர ஜோடிக்கு மேல். மூன்று பிக் பிளைண்ட் மிஞ்சும்வரை இழுத்துவிட்டால், நீங்கள் தள்ளும்போது யாரும் ஃபோல்ட் செய்ய மாட்டார்கள். பிக் பிளைண்டில் இருப்பவர் சீட்டைச் சரியாகப் பார்க்காமலே கால் சொல்லிவிடுவார்.